உடன்பிறந்தோரும் சேர்ந்த பட்டியல்

(டிசம்பர் 17 அன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)

 

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு இன்னும் எட்டு நாட்களே இருக்கின்றன. வீடுகளில் வெள்ளையடிப்பு நடக்கிறது. பிள்ளைகள் குடில் கட்ட வைக்கோல் தேடுகிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகள், கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகள் எல்லாரும் ஊருக்கு வர டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகள்கூட இந்த வாரத்தில் திறக்கும்.

இந்த நாளில் திருச்சபை நமக்குத் தரும் நற்செய்தி, கேட்பதற்குக் கொஞ்சம் சலிப்பூட்டக்கூடியது. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம், முதல் பதினேழு வசனங்கள். ஆபிரகாமில் தொடங்கி யோசேப்பு வரை பெயர்கள், பெயர்கள், பெயர்கள். வாசிக்கிற குருவுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். கேட்கிற நமக்குக் கண் சொருகும். ‘எப்போது முடியும்?’ என்று காத்திருப்போம்.

ஆனால் இன்றைய முதல் வாசகத்தோடு சேர்த்துக் கேட்டால் இந்தப் பட்டியல் உயிர் பெறுகிறது. தொடக்க நூலின் 49ஆம் அதிகாரம். எகிப்து நாட்டில் யாக்கோபு சாகக் கிடக்கிறார். தம் பன்னிரண்டு பிள்ளைகளையும் அருகே வரச் சொல்லி, ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுகிறார். தகப்பனின் கட்டிலைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிற காட்சி நம் எல்லார் வீட்டிலும் நடந்த, நடக்கப் போகிற காட்சிதான். அப்பா கண்ணை மூடிய பிறகு அந்தப் பிள்ளைகள் ஒன்றாக நிற்பார்களா, கலைந்து போவார்களா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மத்தேயுவின் பட்டியலை மறுபடியும் பார்ப்போம்.

வம்சப் பட்டியல் எழுத ஒரு தலைமுறைக்கு ஒரு பெயர் போதும். தகப்பன், அவர் மகன், அந்த மகனுக்கு மகன். ஏணிப்படி போல ஒற்றை வரிசை. உடன்பிறந்தவர்களுக்கு அதில் இடம் தேவையில்லை. மத்தேயுவும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார். ஈசாயிக்குப் பல ஆண்மக்கள் இருந்தும் தாவீதின் பெயர் மட்டுமே வருகிறது. ஆனாலும் மூன்று இடங்களில் மத்தேயு அந்த ஒற்றை வரிசையை விட்டு விலகி, உடன்பிறந்தவர்களையும் சேர்த்து எழுதுகிறார். யாக்கோபின் பிள்ளைகளைச் சொல்லும்போது யூதாவோடு அவர் சகோதரர்களையும் குறிப்பிடுகிறார். யூதாவுக்குத் தாமார் வழியாகப் பிறந்த இரட்டையர் பெரேட்சு, செராகு இருவர் பெயரையும் எழுதுகிறார். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட காலத்தைச் சொல்லும்போது எக்கோனியாவோடு அவர் சகோதரர்களையும் சேர்க்கிறார்.

ஏன் இந்த மூன்று இடங்களில் மட்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மூன்றுமே நம் குடும்பங்களைப் பற்றியவை.

முதலாவது, யூதாவும் அவருடைய சகோதரர்களும். இவர்கள் யார்? பதினேழு வயதுத் தம்பி யோசேப்பை ஆழ்குழியில் தள்ளியவர்கள். இருபது வெள்ளிக்காசுக்கு விற்றவர்கள். அவனை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவரே இந்த யூதாதான். தம்பியின் அங்கியை ஆட்டின் இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் அனுப்பி, கிழவர் கதறி அழுததைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். எத்தனை ஆண்டுகள்? யோசேப்பு பார்வோன் முன் நின்றபோது அவருக்கு முப்பது வயது. பிறகு ஏழு ஆண்டு செழிப்பு, இரண்டு ஆண்டு பஞ்சம். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் ஒரு பொய் குடியிருந்தது. வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். நடந்த கதையை மட்டும் யாரும் பேசவில்லை.

பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்த இடத்தில் அவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எதிரே நிற்கும் ஆளுநர் தம் தம்பி என்று அவர்களுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுவதால், தாங்கள் பேசுவது அவருக்குப் புரியாது என்று நினைத்துத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். தம்பி கெஞ்சியபோது அவன் படும் வேதனையைப் பார்த்தும் நாம் காதில் வாங்கவில்லையே, அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறோம் என்கிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். தொடக்க நூல் 37ஆம் அதிகாரத்தில் யோசேப்பைக் குழியில் தள்ளும் நிகழ்ச்சி விரிவாக இருக்கிறது. ஆனால் அங்கே யோசேப்பு கெஞ்சினார் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தச் சிறுவனின் அழுகை நமக்கு 42ஆம் அதிகாரத்தில்தான் கேட்கிறது, அதுவும் அண்ணன்மார் வாயிலிருந்து. அதுவரை அது அவர்கள் நெஞ்சுக்குள் புதைந்து கிடந்தது. ஒன்றாக உட்கார்ந்து பேசிய அன்றுதான் வெளியே வந்தது.

அடுத்து மூத்தவர் ரூபன் பேசுகிறார். அந்தப் பையனுக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்று அன்றே சொன்னேனே, கேட்டீர்களா என்று கடிந்துகொள்கிறார். இதை யோசேப்பு கேட்டுக்கொண்டிருக்கிறார். சற்று நினைத்துப் பாருங்கள். குழிக்குள் கிடந்த பிள்ளைக்கு மேலே யார் என்ன பேசினார்கள் என்று எப்படித் தெரியும்? ரூபன் தன்னைக் காப்பாற்ற நினைத்ததும், பிறகு வந்து வெறுங்குழியைப் பார்த்து ஆடையைக் கிழித்துக்கொண்டதும் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பத்து அண்ணன்மாரும் சேர்ந்து என்னைத் தள்ளினார்கள் என்றுதான் அத்தனை ஆண்டும் நினைத்திருப்பார். அன்றுதான், அதில் ஓர் அண்ணன் தனக்காகப் பேசினான் என்று கேள்விப்படுகிறார். உடனே அவர்களை விட்டு ஒதுங்கிப் போய் அழுகிறார் என்கிறது மறைநூல். எகிப்தின் ஆளுநரான பிறகு அவர் அழுததாக நாம் வாசிக்கும் முதல் இடம் அதுதான். திரும்பி வந்து ஒருவரைப் பிணையாகப் பிடித்து வைக்கும்போதும், மூத்தவரான ரூபனை விட்டுவிட்டு அடுத்தவரான சிமியோனைப் பிடிக்கிறார்.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. ஒரே கூரையின் கீழ் வளர்ந்தோம், ஒரே சட்டியில் சாப்பிட்டோம் என்கிறோம். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டில் வளர்ந்திருக்கிறோம். மூத்தவளுக்குத் தெரிந்த அப்பா, கடன்காரனுக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போன அப்பா. கடைக்குட்டிக்குத் தெரிந்த அப்பா, சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்த அப்பா. ‘அப்பா ரொம்ப அடிப்பார்’ என்பார் அண்ணன். ‘அப்பா கை ஓங்கியதே கிடையாது’ என்பாள் தங்கை. இரண்டும் உண்மைதான். இடையில் பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பதினைந்து ஆண்டில் ஒரு மனிதர் உடைந்து, திருந்தி, முதிர்ந்திருக்கிறார். மூத்தவர் வாயையும் இளையவர் வாயையும் சேர்த்துக் கேட்டால்தான் அப்பாவின் முழு வாழ்க்கை தெரியும். தனித்தனியாக வைத்திருந்தால், ஒருவருக்கு வடு மட்டும் மிஞ்சும், மற்றவருக்கு இனிப்பு மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது, இரட்டையர் பெரேட்சும் செராகும். பிரசவ நேரத்தில் செராகின் கை முதலில் வெளியே வருகிறது. மருத்துவச்சி அதில் சிவப்பு நூல் கட்டுகிறாள். கை உள்ளே போகிறது. பெரேட்சு முந்திக்கொண்டு பிறக்கிறான். வம்சம் பெரேட்சு வழியாகத்தான் தாவீதுக்கும் இயேசுவுக்கும் போகிறது. செராகின் பெயரை விட்டிருந்தால் கணக்கில் எதுவும் குறையாது. ஆனாலும் மத்தேயு எழுதுகிறார். இருவரையும் பெற்ற தாமாரையும் எழுதுகிறார். அந்தத் தாய்க்கு மாமனார் வீட்டில் நேர்ந்த அநீதி நமக்குத் தெரியும். தாமார், எரிகோவின் இராகாபு, மோவாபு நாட்டு ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். குடும்பத்துக்குக் கௌரவக் குறைவு என்று யாரையும் அவர் துடைத்துவிடவில்லை.

நாமும் உடன்பிறந்தவர்கள் பெயரெல்லாம் சேர்த்து ஒரு பட்டியல் எழுதுவதுண்டு. எப்போது? அப்பா இறந்த பிறகு, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது. அப்போது ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது என்று கவனமாக இருக்கிறோம். அடுத்த மாதமே அக்கா தங்கைகளைப் பத்திர அலுவலகத்துக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். அதன்பின் அந்த வீட்டுக் கதையில் அவர்கள் இல்லை. திருவிழாவுக்கு அழைப்பதும் குறைந்து போகிறது. ஆனால், அம்மா எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தாள், எந்த நகையை விற்று யாரைப் படிக்கவைத்தாள், பாட்டியின் கடைசி நாட்களில் யார் கஞ்சி ஊட்டினார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த அக்காமாருக்குத்தானே தெரியும்? சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதி வாங்கினோம். அவர்கள் நினைவில் இருக்கிற நம் பங்கை யாரிடம் போய்க் கேட்போம்?

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஐந்து பேர். மூத்த அக்கா, சின்ன அக்கா, அண்ணன், அவருக்குக் கீழே நாங்கள் இருவர். அம்மா எங்கள் நால்வரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அண்ணனை மட்டும் ‘ஐயா’ என்பார், ‘பெரியவனே’ என்பார். ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை. அண்ணனுக்கு வைத்தது தாத்தாவின் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். அதனால்தான் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அண்ணன் அப்படி எண்ணவில்லை. தன்மேல் அம்மாவுக்கு ஏதோ ஒட்டுதல் குறைவு என்று சின்ன வயதிலேயே அவர் மனத்தில் விழுந்துவிட்டது. அதைச் சொல்லாமலே அறுபதை எட்டினார்.

அம்மா இறந்த பிறகு, ஓய்வூதியக் காகிதத்துக்காக அண்ணனுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் தேவைப்பட்டது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு கோயில் பதிவேடுதானே பிறப்புக்குச் சாட்சி? சொந்த ஊர்ப் பங்கில் பழைய புத்தகத்தைத் திறந்தபோது, ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. அதே தகப்பன், அதே தாய். இடையில் இரண்டு ஆண்டு வித்தியாசம். முதல் பிள்ளைக்குப் பிறந்த அன்றே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டிருந்தது. அடக்கப் பதிவேட்டைப் புரட்டினால், அதிலும் அதே பெயர். வயது பதினொரு நாள்.

அந்த டிசம்பரில் ஐவரும் ஊரில் கூடியபோது மூத்த அக்காவிடம் கேட்டோம். அக்காவுக்கு அப்போது ஏழு வயதாம். எல்லாம் நினைவிருந்தது. அந்தப் பதினொரு நாளும் அம்மா அந்தப் பிள்ளையைத் தாத்தா பெயர் சொல்லித்தான் தாலாட்டினாராம். மாமனார் பெயர் என்றெல்லாம் பார்க்கவில்லையாம். அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அம்மா வாயில் வரவில்லை. அடுத்துப் பிறந்த மகனுக்குத் தாத்தா பெயரையே மறுபடி வைக்க வேண்டும் என்று அப்பா சொன்னபோது அம்மா மறுக்கவில்லை. ஆனால் கூப்பிடவும் முடியவில்லை. ‘அவன் காதில் விழ வேண்டாம்’ என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா காப்பாற்றிவிட்டார்.

அப்போது சின்ன அக்கா சொன்னார்: கல்லறைத் திருநாளில் அம்மா எல்லாக் கல்லறையிலும் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, சிறு பிள்ளைகளை அடக்கம் செய்யும் மூலையில் சிலுவை இல்லாத ஓர் இடத்தில் ஒன்று வைப்பார், யாருமற்ற ஆன்மாவுக்கு என்று நினைத்தேன். கடைசியில் பிறந்த எங்களுக்கும் ஒன்று நினைவு வந்தது. அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா அன்று இரவு படுக்கவே மாட்டார். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுவார். அந்த வித்தியாசத்துக்காக நாங்கள் அண்ணன்மேல் பொறாமைப்பட்டதுண்டு. அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘அப்படியானால் நாம் ஆறு பேர்’ என்றார். அன்று முதல் எங்கள் குடும்பத் திருப்பலிக் கருத்துகளில் ஆறு பெயர் இருக்கிறது. ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது.

அன்பார்ந்தவர்களே, புத்தகம் ஒரு வரிதான் தந்தது. அந்த வரிக்குப் பொருள் தந்தது உடன்பிறந்தவர்கள். ஒருவரிடம் தாலாட்டு இருந்தது, ஒருவரிடம் மெழுகுதிரி இருந்தது, ஒருவரிடம் காய்ச்சல் இரவு இருந்தது. தனித்தனியாக இவற்றுக்கு அர்த்தமில்லை. சேர்த்து வைத்தபோது, அறுபது வயது மனிதர் ஒருவர் தன் தாயின் அன்பைத் திரும்பப் பெற்றார்.

கோயில் பதிவேடு என்று சொன்னோம். குடும்ப வரலாற்றைத் தேட விரும்புவோருக்கு இதைப் பற்றிச் சில வார்த்தைகள். பங்குத்தந்தையர் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், ஞானஸ்நானத்தில் ஞானப் பெற்றோரின் பெயரை எழுத வேண்டும் என்று 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் கட்டளையிட்டது. 1614இல் வெளிவந்த உரோமைத் திருச்சடங்கு நூல் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு முதலியவற்றுக்கு எப்படி எழுதுவது என்று மாதிரியே தந்தது. 1908ஆம் ஆண்டு முதல், ஒருவருடைய திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்ற ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. எனவே ஒரு பாட்டியின் ஞானஸ்நான வரி கிடைத்தால், அவர் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டார் என்பதும் அதன் ஓரத்திலேயே கிடைக்கக்கூடும். பழைய புத்தகங்களை அக்கறையோடு பாதுகாக்க வேண்டும் என்று இன்றைய திருச்சபைச் சட்டமும் 535ஆம் எண்ணில் சொல்கிறது.

பழைய பதிவுகள் இலத்தீனில் இருந்தால் மலைக்க வேண்டாம். பேத்ருஸ் என்று எழுதியிருந்தால் அவர் நம் ராயப்பன். பவுலுஸ் என்றால் சின்னப்பன். யோவான்னெஸ் என்றால் அருளப்பன். யோசேபுஸ் என்றால் சூசை. வீட்டில் சூசை என்று அழைக்கப்பட்ட தாத்தாவைப் புத்தகத்தில் காணோம் என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஒரு சித்தப்பாவாகவோ அத்தையாகவோ இருக்கும். உடன்பிறந்தவர்கள் யார் யார் என்று அந்த ஒரு நெடுவரிசை காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, நாடு கடத்தப்பட்ட காலத்தில் எக்கோனியாவும் அவர் சகோதரர்களும். நாட்டை இழந்து, கோவிலை இழந்து, பிரிந்து போகிற நேரம். சிதறிப் போகும் நேரத்தில் உடன்பிறந்தவர்களை மறக்காமல் எழுதி வைக்கிறார் மத்தேயு. இதைப் புரிந்துகொள்ள நாம் பாபிலோனுக்குப் போக வேண்டியதில்லை. இராமேஸ்வரம் வரை போனால் போதும்.

நம் பங்குகளில் தாத்தாவோ பூட்டனோ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று மனிதரைக் கணக்குப் பிரித்தார்கள். அண்ணன் இந்தியாவுக்கு மனுப்போட்டார், தம்பி இலங்கைக்கு மனுப்போட்டார் என்று பிரிந்த வீடுகள் உண்டு. தலைமன்னார் துறையில் கப்பலேறியவர்கள், நிலைமை சீரானதும் வந்து பார்ப்போம் என்று சொல்லித்தான் பிரிந்தார்கள். 1980களில் போர் மூண்டு கப்பலும் நின்றது. கடிதங்களும் குறைந்தன. இன்று நீலகிரியில் இருக்கும் பேரனுக்கும் நுவரெலியாவில் இருக்கும் பேரனுக்கும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களும் போய்விட்டால், ஒரே குடும்பம் இரண்டு குடும்பமாகிவிடும். ஒரு பழைய கடித உறை, தோட்டத்தின் பெயர், அங்கே போய்த் தரிசித்த கோயிலின் பெயர், இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கலாம். ஆனால் அதைச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

யாக்கோபின் பிள்ளைகளுக்குத் திரும்புவோம். அவர்கள் கதை எப்படி முடிந்தது? பென்யமினை அடிமையாக வைத்துக்கொள்வேன் என்று ஆளுநர் சொன்னபோது, முன்பு ஒரு தம்பியை விற்கச் சொன்ன அதே யூதா முன்னால் வருகிறார். தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். தகப்பன் மனம் என்ன பாடுபடும் என்று எடுத்துச் சொல்கிறார். அதைக் கேட்ட பிறகு யோசேப்பால் அடக்க முடியவில்லை. தான் யார் என்று சொல்லிவிடுகிறார். அதாவது, தம்பியின் மன்னிப்பு அண்ணன்மாரின் நினைவோடு சேர்ந்து வந்தது. நடந்ததை அவர்கள் ஒப்புக்கொண்டு பேசியதால் அவருக்கும் பேச முடிந்தது. நீங்கள் செய்த தீமையைக் கடவுள் நன்மையாக மாற்றிவிட்டார் என்று யோசேப்பு பின்னர் சொல்கிறார். தீமை நடக்கவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. குடும்பத்தில் நடந்த கெட்டதை மூடி வைப்பது வேறு, மன்னிப்பது வேறு.

யாக்கோபு இறந்த பிறகும் அந்த அண்ணன்மாருக்குப் பயம் வந்தது என்று 50ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்பா போய்விட்டார், இனி இவன் பழிவாங்குவானோ என்று நடுங்குகிறார்கள். எத்தனை யதார்த்தம் பாருங்கள்! அப்பா அம்மா இருக்கும் வரை உடன்பிறந்தவர்களுக்கு ஒரு முற்றம் இருக்கிறது. அவர்கள் போன பிறகு அந்த முற்றத்தை நாம்தான் கூட்டிப் பெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்டு யோசேப்பு மறுபடியும் அழுதார். பயப்படாதீர்கள், உங்களையும் உங்கள் குழந்தைகளையும் நான் பராமரிப்பேன் என்று ஆறுதல் சொன்னார். இந்த வீட்டிலிருந்துதான் இயேசு வந்தார். யோசேப்பை விற்றவர்களையும் சேர்த்து எழுதிய பட்டியலில்தான் மீட்பரின் பெயர் கடைசியில் வருகிறது.

ஆகவே, இந்தக் கிறிஸ்மஸ் நாட்களில் நாம் செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று, உட்கார்ந்து பேசுவோம். திருவிழாத் திருப்பலி முடிந்து, சாப்பாடு முடிந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, உடன்பிறந்தவர்கள் மட்டும் ஒரு மணி நேரம் உட்காருவோம். மூத்தவர் முதலில் பேசட்டும். அன்றைக்குப் பாகப்பிரிவினைப் பேச்சு வேண்டாம். ‘நம் பழைய வீட்டில் அடுப்பங்கரை எந்தப் பக்கம் இருந்தது?’, ‘அம்மா யார் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போவாள்?’ என்று சின்னக் கேள்விகளாகக் கேட்போம். சின்னக் கேள்விக்குத்தான் பெரிய பதில் வரும். ஒருவர் சொல்வது நம் நினைவோடு ஒத்துப்போகாவிட்டால், ‘பொய்’ என்று வாயை அடைக்க வேண்டாம். ‘எனக்கு அது தெரியாதே, இன்னும் சொல்லு’ என்போம். சொல்ல விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். சில காயங்கள் ஆற நாளாகும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே ஒரு தொடக்கம்.

இரண்டு, எழுதி வைப்போம். கைப்பேசியில் பெரியவர்கள் குரலைப் பதிவு செய்யலாம். பழைய புகைப்படங்களின் பின்னால் இடமிருந்து வலமாகப் பெயர் எழுதலாம். ஒரு நோட்டில் தாத்தா பாட்டி பெயரும், அவர்களுடைய உடன்பிறந்தவர்கள் பெயரும், பிறந்து இறந்த குழந்தைகளின் பெயரும் இருக்கட்டும். கட்டிக்கொடுத்த பெண்கள், ஊரை விட்டுப் போனவர்கள், திருமணத்துக்காக வீட்டார் ஒதுக்கி வைத்தவர்கள் என்று யாரையும் விட வேண்டாம். மத்தேயு விடவில்லை.

மூன்று, ஒருவரைத் தேடிப் போவோம். பேச்சு வார்த்தை நின்றுபோன ஓர் அண்ணனோ தங்கையோ பெரும்பாலான குடும்பங்களில் இருக்கிறார். நிலத்துக்காகப் பேச்சு நின்றிருக்கும், நகைக்காக நின்றிருக்கும், கல்யாணத்தில் ஒரு மரியாதை குறைந்ததற்காக நின்றிருக்கும். வழக்குப் பேசப் போக வேண்டாம். ஒரு நினைவைக் கொண்டு போவோம். ‘அப்பா நம்மை ஆற்றுக்குக் கூட்டிப் போனாரே, அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. உனக்குத்தான் தெரியும், சொல்லு’ என்று கேட்டுப் பாருங்கள். நியாயம் கேட்டுப் போனால் மூடுகிற கதவு, நினைவு கேட்டுப் போனால் திறக்க வாய்ப்பு உண்டு. அவரிடம் இருக்கும் துண்டு நமக்கு வேறெங்கும் கிடைக்காது.

திருச்சபை கடந்த 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய நாளாகக் கொண்டாடுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் அதை ஏற்படுத்தினார். ஆனால் ஜூலை வரை காத்திருக்க எல்லாப் பெரியவர்களுக்கும் நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த வாரத்தில் நமக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. பயன்படுத்திக்கொள்வோம்.

மன்றாடுவோமாக. ஆபிரகாமின் கடவுளே, ஈசாக்கின் கடவுளே, யாக்கோபின் கடவுளே, தனி மனிதரை அழைத்துக் குடும்பங்களை உருவாக்கியவரே, எங்களைப் பெற்றவர்களுக்காகவும் எங்களோடு பிறந்தவர்களுக்காகவும் நன்றி கூறுகிறோம். பெயர் வைக்கப்பட்டு விரைவில் உம்மிடம் வந்த குழந்தைகளை உம் மடியில் வைத்துக் காத்தருளும். கடல் கடந்து பிரிந்தவர்களையும், வேலி போட்டுப் பிரிந்தவர்களையும் ஒருவரை ஒருவர் தேடச் செய்யும். சொல்லாமல் புதைத்து வைத்த வேதனையைச் சொல்லும் துணிவையும், கேட்கும் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். உம் திருமகன் பிறக்கும் இந்த நாட்களில் எங்கள் பட்டியலில் ஒருவர் பெயரும் விடுபடாதிருக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.